கையேடும் பாடமும் ஒன்றுபடுதல்

திருமலையிலிருந்து இறங்கும் வண்டிகள், 1944-இல் திறக்கப்பட்ட மலைப்பாதையில் வளைந்து வளைந்து வருவதைச் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வாழும் தமிழன்பர்கள் நன்கறிவர். அங்கே உயிர் காப்பது பிரேக்கு. அதனைச் செப்பனிடுபவர் பயிற்சிப் பள்ளியில் கற்ற முறை ஒன்றும், கையேடு கூறும் முறை வேறொன்றுமாக இருப்பின் என்னாகும்?

படைத்துறைத் தளவாடப் பராமரிப்பில் இவ்வினா இன்னும் பெரியது. ஒரு போர் விமானத்திற்குரிய கையேடுகள் பல்லாயிரம் பக்கங்களாக விரியும். உறுப்பொன்று மாறினால் கையேடு திருத்தப்படும். பாடமோ பழையபடியே நின்றுவிடக்கூடும்.

இதற்குக் கண்ட வழி எளியது. செய்தியைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் அடையாளக் குறியீடு தந்து, ஒரே மின்னணுக் களஞ்சியத்தில் வைப்பதே அது. 'எஸ் 1000 டி' என்னும் பன்னாட்டு நெறி இம்முறையை வகுத்தது. 2008-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, பயிற்சிப் பாடங்களுக்குரிய கூறுகளையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே, களஞ்சியத்தில் ஒருமுறை திருத்தினால் போதும். அக்கூற்றை எடுத்தாண்டு மீண்டும் வெளியிடப்பெறும் கையேடு, பாடம் இரண்டிலும் அத்திருத்தம் ஏறிவிடும். நம் நாட்டுப் படைகளிலும் மின்னணுக் கையேடுகள் வழக்கிற்கு வந்துள்ளன.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் இதன் அருமையை உணர்வோம். மூலம் திருந்தியும் மொழிபெயர்ப்புத் திருந்தாத சுற்றறிக்கை எத்தனை பேரை அலைக்கழித்திருக்கிறது!

எனினும் ஓர் எச்சரிக்கை: களஞ்சியத்திலே பிழை புகுந்தால் அதுவும் இரண்டிடத்திலும் பரவும். ஆதலின் ஒப்புநோக்கும் மனிதக் கண்ணுக்கு ஓய்வில்லை. மலையிறங்கும் வண்டியில் இருப்பவர் உயிர் அந்தக் கண்ணை நம்பியே இருக்கிறது.