மணலைக் கழுவும் நீரும் மணல் காக்கும் நீரும்

ஊரின் பெயரிலேயே குளத்தைத் தாங்கி நிற்கிறது மூலக்குளம். இன்று அங்கு வீடுகள் எழும் விரைவை நாம் அறிவோம். வீடு என்றால் மணலும் சல்லியும் வேண்டும். அவற்றைச் சுமந்து செல்லும் லாரியின் பின்புறத்திலிருந்து சாலை நெடுகிலும் நீர் சொட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த நீர் யாருடையது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

புதுவை பெரும்பாலும் நிலத்தடி நீரைக் குடித்து வாழும் ஊர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகருக்குக் கொண்டுவரப்பட்ட நீரும் நம் அண்டையிலுள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து வந்ததே. ஆயி மண்டபம் அதன் நினைவாக நிற்கிறது. மூலக்குளத்திலிருந்து மேற்கே சென்றால் வில்லியனூரைத் தொட்டு ஓடும் சங்கராபரணியைக் காணலாம். செஞ்சிப் பகுதியில் தோன்றும் இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். ஆயினும் வறண்ட மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நீர் முகந்ததைப் பெரியவர்கள் இன்றும் கூறுவர். வறண்டது மேற்பரப்பே அன்றி ஆறு அன்று.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பருமணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளியே. அதில் தேங்கும் நீர் முழுவதும் நமக்குக் கிடைப்பதில்லை; ஐந்தில் ஒரு பங்கு வடிந்து வரும் எனக் கொள்வோம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்திற்கு மணல் 10,000 கன மீட்டர். அது தரும் நீர் 20 இலட்சம் லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் ஏறக்குறைய 15,000 பேருக்கு ஒருநாள் தேவை.

மணலை அள்ளிய குழியில் அதனினும் மிகுதியாக நீர் நிற்குமே எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாதான். ஆனால் திறந்த நீரை வெயில் உண்டுவிடும்; மணலின் ஆழத்தில் உள்ள நீரை அது எளிதில் தொடுவதில்லை. மேலும், ஆற்றின் படுகை தாழ்ந்தால் கரையோர நிலத்தடி நீர் தாழ்ந்த ஆற்றை நோக்கி வடிகிறது, கிணறுகள் இறங்குகின்றன. கடலோரத்திலோ நன்னீர் பின்வாங்கிய இடத்தில் உவர்நீர் நுழையும். இது குழியை நிரப்பித் தீர்க்கக்கூடிய இழப்பன்று.

தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு ஆற்றுமணல் எடுக்கும் பணியை அரசே ஏற்றது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமென 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றுமணல் அரிதாக, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பெருகிற்று. நமக்கு மேற்கே திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளை அறியாதார் இலர். (1781-இல் பிரெஞ்சு அறிஞர் சொன்னேரா எழுதிவைத்த கல்மரங்களும் அங்கேதான் உள்ளன.) ஆற்றைக் காக்க வந்த மாற்று எனினும், இதற்கும் நீர் வேண்டும். உடைத்த தூளில் மிகநுண்ணிய பொடி மிகுதி. அதைக் கழுவி நீக்கவேண்டும்.

எவ்வளவு கழுவுவது? இந்தியத் தரம் 383, 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 75 மைக்ரானுக்குக் குறைந்த பொடி இயற்கை மணலில் 3 விழுக்காடும், உடைத்த மணலில் 15 விழுக்காடும் இருக்கலாம். இதனை அறியாமல் பளபளக்கும்வரை கழுவுவது நீரை வீணே கொட்டுவதாகும். சல்லடை வைத்து நாள்தோறும் சோதிக்கும் பழக்கமே முதற்சிக்கனம் என்பது நம் கருத்து.

கழுவிய கலங்கல் நீரை ஓடையில் விடாமல் தொட்டியில் தெளியவைத்து மீண்டும் பயன்படுத்துவது அடுத்த படி. அசைவற்ற நீரில் 75 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க மூன்று நான்கு நிமிடம் போதும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கோ ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். துகளின் குறுக்களவு பாதியானால் இறங்கும் வேகம் கால்பங்காகிவிடும் என்பதே காரணம். ஆதலின் ஆழமான ஒரே குழியைவிட, அகன்று அமைதியாக உள்ள இரண்டு மூன்று தொட்டிகள் வரிசையாக அமைதல் நன்று. நம் பாட்டிமார் பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளியவைத்ததும் நுண்துகள்களை ஒன்றுதிரட்டும் வேலையே. ஆலைகளில் படிகாரமும் திரட்டும் வேதிப்பொருள்களும் அதனைச் செய்கின்றன.

இவ்வாறு சுழற்றினாலும் நீர் குறையத்தான் செய்யும். வெயிலில் ஆவியாவது, புழுதி அடக்கத் தெளிப்பது, சேற்றோடு போவது, ஈரமணலோடு லாரியில் ஏறிச்செல்வது என நான்கு வழிகள். முன்பு கூறிய சொட்டுநீர் நான்காவது வழியைச் சார்ந்தது. சரிந்த தளத்தில் மணலை ஒருநாள் வடியவிட்டு, வடிநீரை வாய்க்கால் வழியே தொட்டிக்குத் திருப்பினால் அதிற் பெரும்பகுதி மீளும். ஆழ்குழாய்க் கிணற்றில் அளவுமானி ஒன்றைப் பொருத்தி, புதிதாக இறைத்த நீரை எழுதிவைத்தால்தான் எந்த வழியில் எவ்வளவு போகிறது என்பது புலப்படும். மானியில்லாத குவாரியில் சிக்கனம் வெறும் வாய்ச்சொல்லே.

எஞ்சுவது சேறு. மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வழிந்து அது ஓடையில் இறங்கினால், ஆற்றுமணலின் இடைவெளிகளை அடைத்து, மழைநீர் உள்ளே இறங்கும் வழியை மூடிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் தொட்டிகளைத் தூர்வாரி, உலர்ந்த சேற்றைக் கைவிட்ட குழிகளின் கரையை உயர்த்தப் பயன்படுத்திவிட வேண்டும்.