பொறியின் நோயறிதல்

காவிரியின் கடைமடையிலுள்ள ஒரு வயலுக்கு நீர் வந்து சேரவில்லை எனின், உழவர் என்ன செய்கின்றார்? கண்ட இடத்தில் மண்வெட்டியைப் போடுவதில்லை. வாய்க்காற் கரை வழியே நடக்கின்றார். மடையை அடைத்தது பாசியா, கரை உடைந்துள்ளதா, மதகு மூடியுள்ளதா என ஒவ்வோர் இடமாகப் பார்க்கின்றார். நீர் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பதை அறிந்த பின்னரே வேலையைத் தொடங்குகின்றார். பழுதுற்ற பொறியை ஆராய்வதற்கும் இதுவே நெறியாகும்.

பழைய ‘ராயல் என்ஃபீல்டு புல்லட்’ மோட்டார் சைக்கிளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தஞ்சைப் பகுதியின் சாலைகளில் நெல் வணிகரையும் உழவரையும் நெடுங்காலம் சுமந்த வண்டி இது. இங்கிலாந்தில் ரெடிச்சு நகரில் தோன்றிய இவ்வண்டியை நம் நாட்டில் உருவாக்குவதற்கென ‘என்ஃபீல்டு இந்தியா’ நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அமைந்தது. ரெடிச்சுத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. புல்லட்டோ தமிழகத்தில் தொடர்ந்து உருவாயிற்று.

இவ்வண்டியின் இயந்திரத்தில் உள்ளது ஒரே சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். இயந்திரத்தில் பிறக்கும் ஆற்றல் இடப்புறமுள்ள முதற்சங்கிலி வழியாகக் கிளட்சுக்கும், அங்கிருந்து கியர்ப் பெட்டிக்கும், பின்னர்ப் பின்சங்கிலி வழியாகச் சக்கரத்துக்கும் செல்கின்றது. தலைமடையிலிருந்து கடைமடை வரை நீர் செல்வது போன்றதே இது. எந்த மடையில் குறை என்பதே நாம் காண வேண்டுவது.

முதலில் கியர் மாற்றத்தைக் காண்போம். பழைய புல்லட்டில் கியர் மிதி வலப்புறம் இருக்கும். முதற் கியருக்கு அதனை மேலே தூக்கவேண்டும். ஏனைய மூன்றுக்கும் கீழே மிதிக்கவேண்டும். கியர் எளிதில் விழவில்லையாயின், கியர்ப் பெட்டியே கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். இஃது ஆராயாது கொள்ளும் முடிவாகும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் சற்றே அசைத்தவாறு ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுது எளிதாக விழுந்து, இயந்திரம் ஓடும்போது மட்டும் கறகறவென ஒலித்து மறுக்குமாயின், குறை கிளட்சில் உள்ளது. கிளட்ச் கம்பி மிகவும் தளர்ந்திருக்கலாம். அன்றி, நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். கைப்பிடியை இழுத்துக்கொண்டு உதைமிதியைச் சில முறை மிதித்தால் ஒட்டிய தட்டுகள் பெரும்பாலும் பிரிந்துவிடும். கம்பி அளவுக்கு மீறி இறுகியிருந்தாலோ, தட்டுகள் வழுக்கும். இயந்திரம் விரைந்து சுழன்றாலும் வண்டி விரையாது.

நிறுத்திய நிலையிலும் கியர் விழாவிடின், அல்லது விழுந்த கியர் தானே கழன்றுவிடின், பெட்டியைப் பார்க்கவேண்டும். அங்கும் எண்ணெயின் அளவையும் மிதியின் இணைப்பையும் முதலில் சோதித்து, பின்னரே பற்சக்கரங்களின் தேய்மானத்தை ஐயுறுதல் தகும்.

இனி ஓசையைக் காண்போம். கியரை நடுநிலையில் வைத்து இயந்திரத்தை ஓடவிட்டுக் கிளட்ச் கைப்பிடியை இழுத்தால், கியர்ப் பெட்டியின் சுழற்சி நின்றுவிடும். அப்போது ஓசையும் நின்றால் அது பெட்டியைச் சார்ந்தது; நில்லாவிடின் இயந்திரத்தையோ முதற்சங்கிலியையோ சார்ந்தது. நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை இயந்திரத்தின் வெளிப்புறத்தில் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்தால், ஓசை எழும் இடம் இன்னும் தெளிவாகும். அவ்வேளையில் வேட்டி முனையும் துண்டும் சங்கிலியருகே செல்லாதவாறு காத்தல் இன்றியமையாதது.

ஓசைகள் பலவகை. ‘டிக், டிக்’ என்னும் மெல்லோசை வால்வுகளை இயக்கும் டாப்பட்டுகளின் தளர்ச்சியைக் காட்டும். அவற்றை இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, தண்டு விரலால் சுழலுமாறும் மேலுங் கீழும் ஆடாதவாறும் திருத்தவேண்டும். ஓசை முற்றும் அடங்கட்டும் என்று மிகுதியாக இறுக்கினால், வால்வு சரிவர மூடாது தீய்ந்துபோகும். ஆதலின் அமைதி எப்போதும் நலத்தின் அறிகுறி அன்று!

காலையில் தொடங்கும்போது கடகடத்து, சூடேறியபின் குறையும் ஒலி, தேய்ந்த பிஸ்டன் எழுப்புவது. அதனால் உடனே இடையூறு நேர்வதில்லை. பாரத்துடன் பாலத்து மேட்டில் ஏறும்போது எழும் உலோகக் கிணுகிணுப்பு, தீப்பொறி காலத்துக்கு முந்தி எழுவதைக் குறிக்கலாம். சூடேறிய பின்னும் அடங்காது, பாரம் கூடக் கூட வலுக்கும் ‘தொம், தொம்’ என்னும் ஆழ்ந்த ஒலியோ அஞ்சத்தக்கது. பிஸ்டனின் ஆற்றலை ஏந்தும் இணைப்புத் தண்டின் அடித் தாங்கி தேய்ந்துவிட்டது என்பதை அது உரைக்கின்றது. எண்ணெய்க் குறைவே இதற்குப் பெரிதும் காரணம். இவ்வொலி கேட்டவுடன் வண்டியை நிறுத்திவிடவேண்டும். தொடர்ந்து ஓட்டினால் தண்டு முறியலாம். இயந்திரம் இறுகிப் பின்சக்கரம் சுழலாது நின்று, ஓட்டுபவர் உயிருக்கே கேடு விளையலாம்.

மெல்லோசைக்கு அஞ்சி இயந்திரத்தைப் பிரிப்பவர் பொருளை இழக்கின்றார். ஆழ்ந்த ஓசையைப் பொருட்படுத்தாதவர் உயிரையே பணயம் வைக்கின்றார். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே அறிவு. எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் சோதித்தல், ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல், காரணம் தெளியுமுன் கருவியை எடுக்காதிருத்தல் ஆகிய மூன்றும் நல்ல தொழிலாளியின் இலக்கணங்கள். மாணவர்களே, இவை மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரியன அல்ல; ஆராய்ந்து செய்யும் எல்லாத் தொழிலுக்கும் உரியன.