அனுப்பிய ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா?

மாத விற்பனைப் பட்டியலை ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் மூலம் அனுப்பும் பழக்கம் சிறிய மளிகைக் கடை வரை வந்துவிட்டது. சில சமயம் அந்தப் பட்டியல் வழியிலேயே அறுந்து, பாதிதான் போய்ச் சேருகிறது. இது ஏன் என்று வணிக அன்பர்கள் பலர் கேட்பதால் எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

இதில் நஷ்டம் நம்மோடு நிற்பதில்லை. மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஏறாத பில், சரக்கு வாங்கியவருக்கு 14-ஆம் தேதி தயாராகும் 2பி அறிக்கையில் வராது. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் காட்டாத பில்லுக்கு வாங்கியவர் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. விடுபட்ட பில்லைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் அதுவரை நம்மிடம் வாங்கிய கடைக்காரர் அந்த வரியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும்.

பல கம்ப்யூட்டர்கள் உள்ள அலுவலகத்திலும், ஒரே இணைப்பைப் பலர் பங்கிடும் வணிக வளாகத்திலும் நடுவில் ப்ராக்ஸி சர்வர் என்ற ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். நாம் அனுப்புவது அதன் கைக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போகும். லாரி புக்கிங் ஆபீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் ரசீது, மூட்டை அவர்களிடம் வந்ததற்குத்தான் சாட்சி; ஊர் போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. திரையில் 100 சதவீதம் என்று காட்டுவதும் பல சமயம் அப்படித்தான்.

ப்ராக்ஸியில் இத்தனை எம்.பி.க்கு மேல் விடாதே, இத்தனை விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்று வரம்பு வைத்திருப்பார்கள். எதிர்முனையிலும் இப்படி ஒரு காவல் உண்டு. அங்கே பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால் வரம்பு 1 எம்.பி.தான்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, அதே ஃபைலை மூன்று முறை அனுப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் நின்றால் நேர வரம்பு. சின்ன ஃபைல் போய், பெரியது மட்டும் நின்றால் அளவு வரம்பு. கண்டபடி நின்றால் கேபிள், வைஃபை, மின்சாரம் இவற்றைப் பாருங்கள். பிறகு செல்போன் இணைப்பில் அனுப்புங்கள். அதில் போய்விட்டால் குறை பெரும்பாலும் ப்ராக்ஸியில்தான். எங்களுக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவர் இதைப் பார்க்காமல் கேபிளை மாற்றி, கம்ப்யூட்டரையும் மாற்றினார். கடைசியில் வளாகத்து ப்ராக்ஸியில் 60 விநாடி வரம்பு இருந்தது தெரிந்தது!

திரையில் எண் வந்தால் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். 413 என்றால் ஃபைல் பெரிது. 407 என்றால் ப்ராக்ஸி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. 504 என்றால் எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருந்து ப்ராக்ஸி கைவிட்டது. இந்த 504-இல் ஃபைல் ஒருவேளை போய்ச் சேர்ந்தும் இருக்கலாம். கேட்காமல் மறுபடி அனுப்பினால் பில்கள் இரட்டிக்கும்.

ஜிப் செய்து அனுப்புவது நல்லது. அளவு வெகுவாகக் குறையும். அதன் உள்ளடக்க அட்டவணை கடைசியில் இருப்பதால், பாதியில் அறுந்தால் சாதாரணமாகத் திறக்காது. குறை உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது சி.எஸ்.வி. என்னும் வெறும் வரிப் பட்டியல்தான். 300 பில்லில் 260 மட்டும் வந்தாலும் எக்ஸெல்லில் ஒன்றும் நடக்காதது போலத் திறக்கும். ஆடிட்டர் அலுவலகப் பையன் அதையே முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்வான். ஆகவே பில் எண்ணிக்கை, கடைசி பில் எண், மொத்தத் தொகை மூன்றையும் போனில் சொல்லி ஒத்துப் பாருங்கள்.

வரம்பைக் கூட்டச் சொல்லும்போது நம் ஃபைல் எத்தனை எம்.பி. என்பதையும், எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதையும் ப்ராக்ஸியைப் பராமரிப்பவரிடம் எழுதிக் கொடுங்கள். இதை மாதத்தின் முதல் 5 தேதிக்குள் செய்தால், கோளாறு வந்தாலும் 11-ஆம் தேதிக்குள் சரிசெய்ய நாள் இருக்கும்.