லினக்ஸ் கணினியில் மென்பொருள் நிறுவுதல் தடைப்படும்போது

மென்பொருள் நிறுவுதல் இடையில் தடைப்பட்டால், கணினியே பழுதாகிவிட்டதெனக் கருதி, வட்டு முழுவதையும் அழித்துப் புதிதாக அமைத்துவிடுவோர் உளர். இதனால் மாணவர்களின் பயிற்சிக் கோப்புகளும், களத்தில் திரட்டிய குறிப்புகளும் அழிய நேரிடும். இத்தடைகளுள் பெரும்பாலானவை ஒரு சில காரணங்களுள் அடங்குவன. முறையாக ஆராய்ந்தால் அவற்றை எளிதில் நீக்கலாம்.

1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டவையே உபுண்டுவும், நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும். இவற்றில் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்படுகின்றன. ஒரு பொதி இயங்குவதற்கு வேறு பொதிகள் தேவைப்படின், அத்தேவை 'சார்பு' எனப்படும். 'ஆப்ட்' என்னும் கருவி களஞ்சியத்தின் அட்டவணையைப் பார்த்துப் பொதிகளை இணையத்தின் வாயிலாகக் கொணர்கிறது. 'டிபிகேஜி' என்னும் கருவி அவற்றைப் பிரித்து வட்டில் அமைக்கிறது. தடை நேர்ந்தது கொணரும்போதா, அமைக்கும்போதா என்பதையே முதலில் அறிதல் வேண்டும். இதற்குத் திரையில் முதலில் தோன்றிய பிழைச் செய்தியே சான்று. இறுதி வரி பெரும்பாலும் விளைவை மட்டுமே கூறும்; காரணம் அதற்கு முந்திய வரிகளில் இருக்கும்.

கொணரும்போது '404' என்னும் எண் தோன்றினால், கணினியிலுள்ள அட்டவணை பழையதாகியிருக்கலாம். 'ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளை அதனைப் புதுப்பிக்கும். அதன் பின்னும் அதே எண் தோன்றினால், அந்தப் பதிப்புக்குரிய ஆதரவுக்காலம் முடிந்து, பொதிகள் பழைய களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல் நலம். களஞ்சியத்தின் சான்று 'இன்னும் செல்லுபடியாகவில்லை' எனும் செய்தி வந்தால், கணினியின் தேதியைச் சரிபார்த்தல் வேண்டும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினிகளில் தேதி பின்தங்கிவிடுவதுண்டு.

அமைக்கும்போது தடை நேர்ந்தால், வட்டில் இடம் உளதா என 'டிஎஃப்' கட்டளையால் அறியலாம். இடம் போதாதாயின், 'ஆப்ட் கிளீன்' முன்னர்க் கொணர்ந்த பொதிக் கோப்புகளை நீக்கும். 'பூட்டு' பற்றிய செய்தி வரின், வேறொரு நிறுவுதலோ தானியங்கிப் புதுப்பித்தலோ நடைபெறுகிறதென்பது பொருள். அது முடியுமளவும் காத்திருத்தல் வேண்டும். அப்போது பூட்டுக்கோப்பை அழித்தால் பொதிகளின் பதிவேடு சிதையக்கூடும். மின்தடையால் பணி பாதியில் நின்றிருந்தால், 'டிபிகேஜி' கட்டளையை 'கன்ஃபிகர்' என்னும் குறிப்புடன் இட்டு எஞ்சியதை முடிக்கலாம். சார்பு நிறைவேறாதபோது, 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளையுடன் 'ஃபிக்ஸ் புரோக்கன்' என்னும் குறிப்பைச் சேர்த்தல் தகும்.

எனினும் இக்கட்டளைகள் சில வேளைகளில் பொதிகளை நீக்கவும் இசைவு கேட்கும். அப்பட்டியலைப் படியாமல் 'ஆம்' என விடையளித்தல் கூடாது. 2021ஆம் ஆண்டில் பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில், சார்புகளில் நேர்ந்த பிழையினால், ஒரு மென்பொருளை நிறுவ முயன்றவர் எச்சரிக்கையை மீறி இசைவளிக்கவே, திரைமுகப்பே நீங்கிவிட்டது. அதன் பின்னர் ஆப்ட் கருவியிலேயே இத்தகைய நீக்கத்துக்குக் கட்டுப்பாடு மிகுக்கப்பட்டது.

ஆகவே, பழுது நீக்கத் தொடங்குமுன் முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து வைத்தலும், பிழைச் செய்தியையும் இட்ட கட்டளைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதலும் நன்று. அடுத்த முறை அதே தடை நேரும்போது, அக்குறிப்பேடே வழிகாட்டும்.