வயரில்லாக் கருவிகள்: மெசினுக்கு முன் பற்றரியைப் பாருங்கள்

வடக்கில் இன்று வீடு கட்டும் இடமொன்றுக்குப் போனால், சாரத்தின் மேல் நிற்பவரின் கையில் வயரில்லாத றில் மெசின் இருப்பதைச் சாதாரணமாகக் காணலாம். கூரைக்குச் சீற் அடிப்பவர், அலுமினியக் கதவு பொருத்துபவர், சோலர் தகடு பூட்டுபவர் என்று பலரும் பற்றரிக் கருவிகளுக்கு மாறிவிட்டார்கள். வயலில் மருந்தடிக்கும் மெசினும், வளவில் புல் வெட்டும் மெசினும் அதே வழியில் போகின்றன.

இந்த மாற்றத்துக்கு 2022 ஒரு முக்கிய காரணம். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. கான்களில் பெற்றோல் கொடுப்பது நிறுத்தப்பட்டது. பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. மின்சாரத்தை நம்பிய தச்சுப்பட்டறையும் பெற்றோலை நம்பிய புல்வெட்டும் மெசினும் ஒரே நேரத்தில் முடங்கின. மின்சாரம் இருக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டு, இல்லாத நேரத்தில் வேலை செய்யலாம் என்பது அப்போது பலரை ஈர்த்தது.

ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு இது சிறிய முதலீடு அல்ல. பல வாரச் சேமிப்பைப் போட்டு வாங்கிய மெசின் ஆறு மாதத்தில் படுத்துவிட்டால், கடன்தான் மிஞ்சும். இப்படி நட்டப்படுகிறவர்களில் அநேகர் மெசினைப் பார்த்து வாங்கியவர்கள். பார்க்கவேண்டியது பற்றரியை. கருவியின் மோட்டார் பல வருடம் ஓடும். முதலில் தேய்வதும், மாற்ற அதிகம் செலவாவதும் பற்றரிதான். இரண்டு தரமான பற்றரியும் சார்ஜரும் சேர்ந்தால் பல சமயம் கருவியின் விலையையே தாண்டிவிடும்.

பெட்டியில் உள்ள எண்கள்

கடையில் 18 வோல்ற், 20 வோல்ற், 21 வோல்ற் என்று மூன்று வகை இருப்பதாகத் தோன்றும். மூன்றும் ஒன்றுதான். பொதுவான லிதியம் கலம் ஒன்றின் சராசரி வோல்ற்றளவு 3.6. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 4.2. இப்படி ஐந்து கலங்களை வரிசையாக இணைத்தால் சராசரி 18, உச்சம் 21. சில கம்பனிகள் சராசரியை எழுதுகின்றன, சில உச்சத்தை எழுதுகின்றன, சில இடையில் 20 என்று போடுகின்றன. ஆகவே 18க்குப் பதிலாக 21 எடுத்தால் பலம் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இதைவிட மோசமானது, பெயர் தெரியாத மலிவு மெசின்களில் 48, 88, 128 என்று ஒட்டப்பட்டிருக்கும் எண்கள். அவற்றின் பக்கத்தில் பெரும்பாலும் 'விஎஃப்' என்ற எழுத்துகள் இருக்கும். வாங்குபவர் அதை வோல்ற் என்று வாசிக்கிறார். உண்மையை அறிய ஒரு எளிய வழி உண்டு. சார்ஜரைத் திருப்பி, சிறிய எழுத்தில் அது வெளியிடும் வோல்ற்றளவைப் பாருங்கள். அங்கே 21 என்று இருந்தால் உள்ளே இருப்பது அதே ஐந்து கலப் பற்றரிதான். 88 வோல்ற் பற்றரியை 21 வோல்ற் சார்ஜரால் நிரப்ப முடியாது.

அடுத்தது அம்பியர்-மணி. வோல்ற் எண்ணை இதனால் பெருக்கினால் வாற்-மணி கிடைக்கும். பற்றரிக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்வது அதுதான். 18 வோல்ற், 2 அம்பியர்-மணி என்றால் 36 வாற்-மணி. அதுவே 5 அம்பியர்-மணி என்றால் 90. இதிலும் பொய் எழுதப்படுகிறது. இங்கே சமையலறைத் தராசு உதவும். 18 வோல்ற்றில் 5 அம்பியர்-மணி உள்ள வழமையான பற்றரியில் பத்துக் கலங்கள் இருக்கும், நிறை 600 கிராமுக்கு மேல் வரும். 6 அம்பியர்-மணி என்று எழுதிய பற்றரி 300 கிராமில் நின்றால் உள்ளே ஐந்து சிறிய கலங்கள் மட்டுமே இருக்கும். எழுதியதில் பாதிகூடக் கிடைக்குமா என்பது சந்தேகம்.

எந்த வேலைக்கு எது?

வாற்-மணி தெரிந்தால் கணக்கு இலகு. ஸ்குரூ பூட்டுவதும் மரத்திலோ தகரத்திலோ துளை போடுவதும் விட்டுவிட்டுச் செய்யும் வேலைகள். ஒவ்வொரு தடவையும் மெசின் சில விநாடிகள்தான் ஓடும். 90 வாற்-மணிப் பற்றரி ஒன்று அரைநாளைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். றில்லும் இம்பக்ட் டிரைவரும் பற்றரிக்கு மிகவும் பொருந்துவது இதனால்தான்.

கிரைண்டர் வேறு. கம்பி வெட்டும்போதும் ரைல்ஸ் அறுக்கும்போதும் அது நிற்காமல் ஓடுகிறது. 600 வாற் இழுத்தால் 90 வாற்-மணிப் பற்றரி 9 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாள் முழுவதும் கம்பி வெட்டுபவருக்குக் குறைந்தது நான்கைந்து பற்றரி வேண்டும். மின்சாரம் உள்ள இடத்தில் அந்த வேலைக்கு வயர் கிரைண்டரே மலிவானது, நின்றுபிடிப்பது. கூரை மேல் ஒரு துண்டு வெட்டவேண்டும், மின்னிணைப்பு வராத வீட்டில் இரண்டு கம்பி வெட்டவேண்டும் என்றால் பற்றரி கிரைண்டர் போதும்.

கொங்கிறீற்றிலும் கவனம் தேவை. சாதாரண வயரில்லா றில்லின் ஹமர் வசதி சீமெந்துக் கல்லுக்குப் போதும். பீமிலும் லின்ரலிலும் அது திணறும், பற்றரியும் சூடாகும். அதற்கென்று உள்ள ரோட்டரி ஹமரையே பயன்படுத்த வேண்டும்.

மோட்டாரிலும் இரண்டு வகை உண்டு. காபன் பிரஷ் உள்ளது, பிரஷ் இல்லாதது. பிரஷ் இல்லாத மோட்டார் அதே பற்றரியில் கூடுதல் நேரம் ஓடும், சூடும் குறைவு. தினமும் தொழிலுக்குப் பாவிப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை பெறுமதியானது. ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பலகை பழுதானால் ஊர்ப் பட்டறையில் திருத்துவது கடினம். காபன் தேய்ந்தால் புதிதாகப் போட எந்த மோட்டார் கடையிலும் ஆள் இருக்கிறார். மாதத்தில் ஓரிரு தடவை வீட்டு வேலைக்கு எடுப்பவருக்குப் பிரஷ் உள்ளது போதும்.

பற்றரிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மழையில் நனைந்த நிலத்தில், ஒட்டுப்போட்ட வயரை இழுத்துக்கொண்டு வேலை செய்வது உயிராபத்து. வயரில்லாத மெசின் அந்த ஆபத்தை நீக்குகிறது. சாரத்தில் ஏறுபவருக்கு விலையைவிட இது முக்கியமானது.

வளவும் வயலும்

புல் வெட்டும் மெசினில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9000 வாற்-மணி சக்தி இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்குகிறது. ஆறில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும் அது 1500 வாற்-மணி. அதாவது, 5 அம்பியர்-மணிப் பற்றரிகள் ஏறத்தாழப் பதினேழுக்குச் சமம். வீட்டு முற்றத்தில் புல் சீர்செய்யவும் வேலியோரம் துப்புரவாக்கவும் பற்றரி மெசின் நல்லது. சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய் கலக்கும் வேலையில்லை. வருடக்கணக்காகக் கிடந்த பற்றைக்காணியைத் துப்புரவாக்க அதை நம்பக்கூடாது.

கைக்கு அடக்கமான பற்றரிச் செயின்சோக்களும் இப்போது பரவலாக விற்பனையாகின்றன. கிளை நறுக்க உதவும். ஆனால் மலிவான பலவற்றில், வாள் துள்ளும்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக் கிடையாது. ஒரு கையால் பிடித்து மறு கையால் கிளையைப் பற்றிக்கொண்டு வெட்டுவது விரலைப் பணயம் வைப்பது. ஏணியில் நின்றபடி வெட்டவே கூடாது.

விவசாயிகளிடம் உள்ள மருந்தடிக்கும் மெசின்கள் பலவற்றில் இருப்பது லிதியம் அல்ல, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற ஈய-அமிலப் பற்றரி. பெரும்பாலும் 12 வோல்ற், 8 அம்பியர்-மணி. இரண்டு வகைப் பற்றரிக்கும் பராமரிப்பு நேரெதிர். ஈய-அமிலப் பற்றரியை வெறுமையாக வைத்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். காலபோகம் முடிந்ததும் மெசினைக் கழுவி மூலையில் வைத்துவிட்டு, அடுத்த போகத்துக்கு எடுக்கும்போது பற்றரி இறந்துபோயிருப்பதற்கு இதுவே காரணம். பாவித்த அன்றே முழுச் சார்ஜ் போடவேண்டும். பாவிக்காத காலத்திலும் மாதம் ஒரு தடவை போடவேண்டும். லிதியம் பற்றரியையோ நீண்ட நாள் வைப்பதானால் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைப்பதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் மெசின்

கனடாவிலிருந்து வரும் மாமா, லண்டனிலிருந்து வரும் அண்ணா ஆகியோரிடம் நல்ல றில் செற் ஒன்று கேட்பது நம்மிடையே வழமை. பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் வீட்டுப்பாவனைச் சார்ஜர்கள் நமது 230 வோல்ற்றில் இயங்கும், பிளக்கை மட்டும் பார்த்தால் போதும். கனடா, அமெரிக்கச் சார்ஜர்களில் பெரும்பாலானவை 120 வோல்ற்றுக்கானவை. பிளக் மாற்றி ஒன்றைப் போட்டு நேரே செருகினால் எரிந்துவிடும். பிளக் மாற்றி வோல்ற்றளவை மாற்றாது.

அப்படி வந்த மெசினை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. மகிட்டாவின் 18 வோல்ற் பற்றரியை இங்கு கிடைக்கும் அதே வரிசை 230 வோல்ற் சார்ஜரில் போடலாம். டிவோல்ட் கம்பனி வட அமெரிக்காவில் 20 வோல்ற் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ற் என்றும் விற்பது ஒரே வரிசையைத்தான். சார்ஜரை மட்டும் இங்கே வாங்கினால் போதும்.

விமானத்தில் கொண்டுவருவதற்கும் விதி உண்டு. தனிப் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும், முனைகளை மூடியிருக்கவேண்டும். மெசின் பெரிய பொதியில் போகவேண்டும். 100 வாற்-மணி வரை பொதுவாகப் பிரச்சினையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. அதற்கு மேல் பயணிகள் கொண்டுவர முடியாது. பற்றரியில் அச்சிடப்பட்டிருக்கும் வாற்-மணியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஒரே குடும்பப் பற்றரி

பொதுவாக ஒரு கம்பனியின் பற்றரி இன்னொன்றில் பூட்டாது. ஒரே கம்பனிக்குள்ளும் எல்லாம் பொருந்துவதில்லை. பொஷ்ஷின் நீல நிறத் தொழில்முறைக் கருவிப் பற்றரி பச்சை நிற வீட்டுப்பாவனைக் கருவியில் போகாது. மகிட்டாவின் 40 வோல்ற் பற்றரி 18 வோல்ற் மெசினில் பூட்டாது. ஆகவே முதல் மெசினை வாங்கும்போதே அடுத்த ஐந்து வருடத்துக்கான முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த வரிசையில் உங்களுக்குத் தேவையான மற்றக் கருவிகள் உண்டா, பற்றரி உங்கள் நகரத்தில் தனியாகக் கிடைக்கிறதா, திருத்துமிடம் எங்கே என்று கேட்டபின் பணம் கொடுங்கள்.

பிரபல கம்பனிகளின் பெயரில் போலிப் பற்றரிகளும் சந்தையில் இருக்கின்றன. கலங்களைச் சமன்படுத்தும் பாதுகாப்புச் சுற்று இல்லாதவை சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடும். விலை நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தொடர் இலக்கமும் வாரண்டிக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கவேண்டாம். அது இருந்தால், கடைக்காரர் கைவிரித்தாலும் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

எந்தப் பற்றரிக்கும் நமது வெயில் எதிரி. தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் ஓட்டோவுக்குள்ளும் வைத்தால் விரைவில் தேயும். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். மெத்தை, துணி அருகில் வைத்துப் போட்டுவிட்டுத் தூங்கவேண்டாம். வீங்கிய பற்றரியைத் திறக்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது.

நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர் இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கடைசியில் வாங்கவேண்டியது அதிகமில்லை. ஊரில் பற்றரி கிடைக்கும் வரிசையில் நல்ல றில் ஒன்று, உண்மையான 4 அல்லது 5 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டு, ஒரு சார்ஜர். ஒன்று வேலை செய்யும்போது மற்றது சார்ஜில் இருக்கும். ஒரு பற்றரியை நிரப்ப ஒரு யுனிற் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கையில் இருக்கும் வயர் கிரைண்டரை விற்கவேண்டாம். ஏழு மெசின் அடுக்கிய பெட்டியை மலிவு விலையில் காட்டினால், அதற்குள் எத்தனை பற்றரி, எத்தனை வாற்-மணி என்று முதலில் கேளுங்கள்.