நினைத்தபோது நிற்கும் கணினி

வீட்டு மேசைக் கணினி நேரங்காலமின்றி நின்றுவிடுமாயின், முதற்கண் கோப்புகளுக்குப் பிரதி எடுத்தல் வேண்டும். இயந்திரத்துக்கு மாற்று உண்டு. பிள்ளையின் குழந்தைப் பருவப் படத்துக்கு மாற்று இல்லை.

அடுத்து, நின்ற வேளையையும் அப்போது செய்த வேலையையும் குறித்து வருக. கடும் வேலையில் மட்டும் நிற்பின், வெப்பத்தையோ மின்வழங்கும் பெட்டியையோ ஐயுறலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியிற் படிந்த தூசியை அகற்றுக. மின்வழங்கும் பெட்டியைத் திறத்தல் ஆகாது. வேலை எதுவாயினும் வெவ்வேறு பிழைச் செய்திகளோடு நீலத்திரை தோன்றின், நினைவகத்தின்மீது ஐயம் வலுக்கும். விண்டோசிலேயே நினைவகச் சோதனை உண்டு. பிழை காணின், நினைவகத் தகடுகளைத் தனித்தனியே பொருத்திச் சோதித்துப் பழுதானதை விலக்குக.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால், நோய் தீர்ந்தாலும் தீர்த்த மருந்து எதுவென அறியோம்.