க்ளோஸ் பட்டன் எங்கே? பாப்-அப் ஏன் எரிச்சலூட்டுகிறது, எரிச்சலூட்டாமல் வைப்பது எப்படி?

மொபைலில் ஒரு சமையல் குறிப்பைத் தேடித் திறக்கிறீர்கள். முதல் வரியைப் படிப்பதற்குள் திரை முழுக்க ஒரு பெட்டி வந்து நிற்கிறது: ‘எங்கள் ஆப்பை டவுன்லோட் செய்யுங்கள்’. அதை மூடினால், ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?’. அதையும் மறுத்தால், ‘10% தள்ளுபடி வேண்டுமா, இமெயில் கொடுங்கள்’. மூன்றையும் தாண்டுவதற்குள் ‘அட, போங்கப்பா’ என்று பேக் பட்டனைத் தட்டிவிடுகிறோம்.

இந்தப் பெட்டிகளுக்குப் பெயர்தான் பாப்-அப். படிப்பவருக்கு இது தொல்லை. ஆனால் சேலை, மசாலா, ஆன்லைன் டியூஷன் என வெப்சைட் வைத்து வியாபாரம் செய்பவருக்கு, வந்தவர் மறுபடி வர வைக்க இது ஒரு வழி. தவறாக வைத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார், கூகுள் தேடலில் பக்கம் பின்னுக்குப் போகலாம். இந்தியாவில் சில வகை பாப்-அப்கள் விதிமீறலும்கூட.

அப்படியானால் பாப்-அப் வைக்கவே கூடாதா? வைக்கலாம். எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

பாப்-அப் எப்படி வந்தது?

1990களின் பிற்பகுதியில், பயனர்கள் சொந்தமாக இணையப் பக்கம் உருவாக்க உதவிய டிரைபாட் என்ற தளத்தில் பணியாற்றியவர் ஈதன் சக்கர்மேன். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம், ஆபாசமான பயனர் பக்கம் ஒன்றில் வந்துவிட்டது. நிறுவனம் பதறியது. விளம்பரத்தைப் பக்கத்துக்குள் வைக்காமல் தனி ஜன்னலில் திறந்தால் இரண்டுக்கும் தொடர்பு தெரியாது என்று யோசித்து, அதற்கான நிரலை எழுதினார் சக்கர்மேன். 2014இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரையில் இதற்காக அவர் மன்னிப்பும் கேட்டார்.

பிறகு நடந்தது தெரிந்த கதைதான். ஜன்னல் மேல் ஜன்னலாக விளம்பரங்கள் குவிந்தன. பிரவுசர்களே தடுப்பு வசதியைக் கொண்டு வந்தன. 2004இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் பாப்-அப் பிளாக்கர் வந்துவிட்டது.

அப்புறம் ஏன் இன்னும் வருகிறது? இன்றைய பாப்-அப் பெரும்பாலும் தனி ஜன்னல் கிடையாது. நீங்கள் படிக்கும் பக்கத்தின் மேலேயே போர்த்தப்படும் ஒரு அடுக்கு. பிரவுசருக்கு அது பக்கத்தின் ஒரு பகுதிதான். அதனால்தான் பிளாக்கர் ஆன் செய்திருந்தாலும் அது வந்து நிற்கிறது.

கூகுள் என்ன சொல்கிறது?

கம்ப்யூட்டரில் பாப்-அப் வந்தால் ஓரத்திலாவது பக்கம் தெரியும். மொபைலில் மொத்தத் திரையும் போய்விடும். இதைக் கணக்கில் எடுத்துத்தான், 2017 ஜனவரி 10 முதல் கூகுள் ஒரு விதியை அமல்படுத்தியது. தேடலில் இருந்து மொபைலில் உள்ளே வந்ததுமே உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்-அப் இருந்தால், அந்தப் பக்கம் தேடல் முடிவில் பின்னுக்குத் தள்ளப்படலாம்.

விதிவிலக்கும் உண்டு. குக்கீஸ், வயது சரிபார்ப்பு போன்று சட்டப்படி கேட்க வேண்டியவை, லாகின் பெட்டி, திரையில் கொஞ்ச இடம் மட்டும் எடுத்து சுலபமாக மூடக்கூடிய பேனர் ஆகியவற்றுக்குச் சிக்கல் இல்லை.

விளம்பரங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. திரையை மறைக்கும் பாப்-அப் விளம்பரம், சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ விளம்பரம் போன்றவற்றைத் தொடர்ந்து காட்டும் தளங்களில், எல்லா விளம்பரங்களையுமே குரோம் பிரவுசர் தடுக்கிறது. 2018 பிப்ரவரியில் வட அமெரிக்கா, ஐரோப்பாவில் தொடங்கிய இது, 2019 ஜூலை 9 முதல் உலகம் முழுக்க அமலானது.

இந்தியாவில் விதி என்ன?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பயனரை ஏமாற்றி அல்லது நச்சரித்து, அவர் விரும்பாததைச் செய்ய வைக்கும் வடிவமைப்புக்குத்தான் டார்க் பேட்டர்ன் என்று பெயர். மொத்தம் 13 வகைகள் பட்டியலில் உள்ளன. பாப்-அப் வைப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று.

நச்சரிப்பு: ஆப்பை டவுன்லோட் செய்யச் சொல்லி திரும்பத் திரும்பக் கேட்பது, ‘வேண்டாம்’ என்ற வாய்ப்பே தராமல் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்யச் சொல்வது இதில் வரும்.

குற்ற உணர்வைத் தூண்டுவது: விமான டிக்கெட்டோடு இன்ஷூரன்ஸ் எடுக்காதவரிடம் ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று சொல்ல வைப்பதை வழிகாட்டுதலே உதாரணமாகத் தருகிறது.

போலி அவசரம்: இருப்பு நிறைய இருக்கும்போதே ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’ என்று பயமுறுத்துவது.

இந்தியாவில் பொருளோ சேவையோ விற்கும் எல்லாத் தளங்களுக்கும், விற்பனையாளர்களுக்கும், விளம்பரதாரர்களுக்கும் இது பொருந்தும். இணைய வணிகத் தளங்கள் 3 மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜூனில் ஆணையம் அறிவுறுத்தியது.

எரிச்சலூட்டாமல் பாப்-அப் வைப்பது எப்படி?

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். ஈரோட்டில் போர்வை விற்கும் ஒரு கடைக்கு வெப்சைட் இருக்கிறது, வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் எண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. வந்ததும் கேட்காதீங்க

கடைக்குள் கால் வைத்ததுமே ‘போன் நம்பர் கொடுங்க’ என்று வாசலை மறித்தால் யாராவது கொடுப்பார்களா? இன்னும் போர்வையையே பார்க்கவில்லையே! இரண்டு மூன்று போர்வைகளைப் பார்த்த பிறகோ, பக்கத்தின் பாதியைத் தாண்டிய பிறகோ கேட்கலாம். அதைவிட நல்லது, வாடிக்கையாளரே ஒன்றைத் தட்டும்போது கேட்பது. தீர்ந்துபோன போர்வைக்குக் கீழே ‘மறுபடி வந்ததும் சொல்லுங்க’ என்று ஒரு பட்டன் வையுங்கள். அதைத் தட்டியதும் எண் கேட்டால் அது தொல்லையாகத் தெரியாது. அவருக்குத் தேவையானதைத்தானே கேட்கிறீர்கள்.

2. திரையை மறைக்காதீங்க

மொபைலில் முழுத்திரைப் பெட்டிக்குப் பதில் கீழே ஒரு சின்னப் பட்டை போதும். அது இருக்கும்போதே மேலே ஸ்க்ரோல் செய்ய முடிய வேண்டும்.

3. ஒன்றே ஒன்று கேளுங்க

பெயர், இமெயில், ஊர், பிறந்தநாள் என்று அடுக்காதீர்கள். எண் போதும் என்றால் எண் மட்டும். என்ன கிடைக்கும் என்பதையும் உடைத்துச் சொல்லுங்கள். ‘அப்டேட் பெறுங்கள்’ என்பதைவிட, ‘புது டிசைன் வந்தால் மாதம் ஒரு மெசேஜ்’ என்பது தெளிவு. மாதம் ஒன்று என்றால் ஒன்றோடு நிறுத்த வேண்டும்.

4. க்ளோஸ் பட்டனை ஒளிக்காதீங்க

வெளிர் சாம்பல் நிறத்தில், கடுகு அளவில் ஒரு க்ளோஸ் குறி. விரல் தவறி விளம்பரத்தில் பட்டுவிடும். தட்டும் பகுதி ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது கூகுளின் வடிவமைப்புப் பரிந்துரை. ஆப்பிள் சொல்வது 44 பாயிண்ட். போனின் பேக் பட்டனை அழுத்தினால் பாப்-அப் மட்டும் மூட வேண்டும், தளத்தைவிட்டே வெளியே தள்ளக் கூடாது.

5. ‘வேண்டாம்’ சொல்வது ‘சரி’ சொல்வதைப் போலவே சுலபமாக இருக்கட்டும்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ‘சரி’ பச்சையில் பளிச்சென்று, ‘வேண்டாம்’ எங்கோ மூலையில் என்றால் அது தந்திரம். ‘இல்லை, எனக்குப் பணம் மிச்சப்படுத்தத் தெரியாது’ போன்ற குத்தல் வாசகமும் வேண்டாம். ‘இப்போது வேண்டாம்’ என்று சாதாரணமாக எழுதினால் போதும்.

இது வெறும் மரியாதை விஷயம் இல்லை. குக்கீஸை ஏற்பது ஒரே தட்டில் முடிய, மறுப்பதற்குப் பல தட்டுகள் தேவைப்பட்டதால், பிரான்ஸின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்திருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் ஐரோப்பியப் பயனர்களுக்கு ‘எல்லாவற்றையும் நிராகரி’ பட்டனைக் கூகுள் கொண்டு வந்தது.

6. ஒரு தடவை வேண்டாம் என்றால் விட்டுடுங்க

மூடியவரிடம் அடுத்த பக்கத்திலேயே மறுபடி கேட்டால் அது நச்சரிப்பு. அவர் மூடியதை பிரவுசரில் பதிவு செய்து, சில வாரங்களுக்குக் காட்டாமல் இருக்க முடியும். ஏற்கெனவே எண் கொடுத்தவரிடம் மறுபடி கேட்கவே கூடாது.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பலரும் எத்தனை பேர் எண் கொடுத்தார்கள் என்று மட்டும் பார்க்கிறார்கள். அது பாதிக் கணக்கு. 1,000 பேர் வந்ததில் 30 பேர் எண் கொடுத்தார்கள், ஆனால் பாப்-அப்பைப் பார்த்ததும் 200 பேர் கிளம்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது லாபமா, நஷ்டமா? பாதிப் பேருக்கு பாப்-அப் காட்டி, பாதிப் பேருக்குக் காட்டாமல் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள், எத்தனை பேர் உடனே வெளியேறினார்கள் என்று ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பயனர்கள் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு போனின் குரோமில், செட்டிங்ஸ் - சைட் செட்டிங்ஸ் பகுதிக்குப் போனால் தனி ஜன்னலில் திறக்கும் பாப்-அப்களைத் தடுக்கலாம். அதே இடத்தில் நோட்டிஃபிகேஷனைத் திறந்து, எப்போதோ தெரியாமல் அனுமதி கொடுத்த தளங்களை நீக்கலாம்.

‘உங்கள் போனில் வைரஸ் உள்ளது, உடனே க்ளீன் செய்யுங்கள்’ என்று ஒரு இணையப் பக்கத்தில் பாப்-அப் வந்தால் நம்பாதீர்கள். அதில் எதையும் தட்டாமல் அந்த டேபையே மூடிவிடுங்கள். இப்படிப் பொய் எச்சரிக்கை காட்டிப் பணம் பறிப்பதும் 13 டார்க் பேட்டர்ன்களில் ஒன்றுதான்.

வாங்கும் தளம் ஏதாவது ஏமாற்றினாலோ, விடாமல் நச்சரித்தாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.